பானைச் சோறும் பதமறிந்த பேராசிரியரும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியைக் கேளாத தமிழ் இல்லம் இராது. நம் காலனித் தாய்மார் அதனை வாயாற் சொல்வதோடு நில்லாமல், நாள்தோறும் அடுப்பங்கரையில் செய்தும் காட்டுகின்றனர். பானையிலுள்ள பருக்கைகளையெல்லாம் நசுக்கிப் பார்த்தால் உண்பதற்குச் சோறு ஏது? ஒன்றிரண்டைப் பதம் பார்த்து மற்றவற்றின் நிலையை உய்த்துணர்வதே அறிவுடைமை. சிறிய அளவிலிருந்து பெரிய அளவை உய்த்துணரும் இம்முறையை விஞ்ஞான நெறியில் வளர்த்து, அதன் துணைகொண்டு பாரத நாட்டின் விளைச்சலையும் வருவாயையும் வறுமையையும் அளந்து காட்டிய பெரியார் ஒருவர், நாம் பிழைப்பை நாடி வந்து குடியேறியுள்ள இதே கல்கத்தா நகரில் பிறந்து, இங்கேயே பணியாற்றி, இங்கேயே மறைந்தார். அவர்தாம் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலநோபிஸ்.

அவருடைய வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் எழுத முற்படும் யான் கல்லூரி வாயிலை மிதித்தவன் அல்லன். மெட்ரிகுலேஷனோடு நின்று, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். ஆயினும் எண்களைக் கூட்டியும் கழித்துமே என் வயிறு நிரம்புகின்றது. ஆதலால் எண்களைக் கொண்டு ஒரு நாட்டிற்கே தொண்டு செய்தவரின் வரலாற்றைச் சொல்ல எனக்கும் சிறிது உரிமை உண்டு என எண்ணித் துணிகின்றேன்.

மகலநோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் பிறந்தார். அவருடைய பாட்டனார் குருசரண், கிழக்கு வங்கத்து விக்ரமபுரத்திலிருந்து கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தவர். பிரம்ம சமாஜத்தில் ஈடுபாடு கொண்டவர். இன்று விதான் சரணி என வழங்கும் அந்நாளைய கார்ன்வாலிஸ் வீதியில் அக்குடும்பத்தின் இல்லம் இருந்தது. சிறுவர் பிரசாந்தர் பிரம்ம பாலர் பள்ளியில் பயின்று, பின்னர் பிரசிடென்ஸி கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பௌதிகத்தில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

லண்டன் சர்வகலாசாலையில் சேர்வதே அவருடைய எண்ணம். ஒரு நாள் கேம்பிரிட்ஜ் நகரைச் சுற்றிப் பார்க்கச் சென்றவர், அங்குள்ள கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் அழகில் ஈடுபட்டு நின்றதில், லண்டன் திரும்பும் கடைசி ரயிலைத் தவறவிட்டார். அன்றிரவு நண்பர் ஒருவரது அறையில் தங்க நேர்ந்தது. அந்தக் கல்லூரியிலேயே சேர முயலலாமே என்று நண்பர் யோசனை கூற, மறுநாளே முயன்று இடமும் பெற்றார். ரயிலைத் தவறவிட்டவர்கள் நிலையத்தில் வந்து எங்களிடம் சண்டையிடுவதையே கண்ட எனக்கு, ரயிலைத் தவறவிட்டதனால் வாழ்வில் ஏற்றம் பெற்ற ஒருவரைப் பற்றிப் படித்தபோது வியப்பு மேலிட்டது.

கேம்பிரிட்ஜில் அவருக்கு வாய்த்த நட்புகளுள் ஒன்று நம்மவர்க்குப் பெருமை தருவது. 1914ஆம் ஆண்டு அங்கு வந்து சேர்ந்த கணித மேதை ராமானுஜன் அவருக்கு நண்பரானார். குளிரால் நடுங்கி, மேலங்கியைப் போர்த்துக்கொண்டு, கட்டிலின் விரிப்பின்மேல் ராமானுஜன் படுத்து வந்ததை அறிந்த மகலநோபிஸ், கம்பளிகளை விலக்கி அவற்றினுள்ளே புகுந்து உறங்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார்.

மற்றொரு நாள் ராமானுஜன் அடுப்பில் சமையலைக் கிண்டிக்கொண்டிருந்தார். மகலநோபிஸ் ஒரு பத்திரிகையில் வெளியான புதிரைப் படித்துச் சொன்னார். ஒரு தெருவிலுள்ள வீடுகளுக்கு ஒன்று முதல் வரிசையாக எண் இடப்பட்டுள்ளது. ஒரு வீட்டின் இடப்புறத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமமாக உள்ளன. வீடுகள் 50க்கு மேல், 500க்குள். அவ்வீட்டின் எண் யாது என்பது புதிர். 288 வீடுகளுள் 204ஆம் வீடு என்பது விடை. மகலநோபிஸ் சில நிமிடங்கள் முயன்று விடை கண்டிருந்தார். ராமானுஜனோ கரண்டியைக் கீழே வையாமல், அந்த ஒரு விடையை மட்டுமன்று, எத்தனை வீடுகள் உள்ள தெருவாயினும் பொருந்தும் விடைகள் அனைத்தையும் தரவல்ல ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். நம் குழந்தைகள் 204க்கு இருபுறமும் கூட்டிப் பார்க்கட்டும். இருபுறமும் 20,706 வரும்.

1915இல் பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறிய மகலநோபிஸ், கேம்பிரிட்ஜிலேயே ஆராய்ச்சி செய்ய ஏற்பாடு செய்துவிட்டு, விடுமுறைக்காகத் தாயகம் புறப்பட்டார். முதல் உலகப் போர் நடந்த காலம். கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. அந்த இடைவேளையில் ஆசிரியர் ஒருவர் அவருக்கு பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் சஞ்சிகையை அறிமுகம் செய்தார். மகலநோபிஸ் அதன் தொகுதிகள் முழுவதையும் விலைக்கு வாங்கி, கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். கல்கத்தா வந்தவர் பிரசிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆசிரியராக அமர்ந்தார். கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்குத் திரும்பவில்லை. பகலில் பௌதிகம் கற்பித்தவரின் உள்ளம் எண்களின் பின்னே சென்றது. 1923இல் நிர்மலகுமாரி அம்மையாரை மணந்தார். கவியரசர் தாகூரிடம் இருவரும் பேரன்பு பூண்டிருந்தனர். விசுவபாரதி தொடங்கிய நாளிலிருந்து பத்தாண்டுகள் அதன் செயலாளராக மகலநோபிஸ் பணிபுரிந்தார்.

புள்ளியியலால் பொதுமக்களுக்கு யாது பயன் என்று கேட்போருக்கு அவருடைய வெள்ள ஆராய்ச்சிகள் தக்க விடையாகும். 1922இல் வடவங்கத்தில் பெருவெள்ளம் நேர்ந்தது. பெரும்பொருள் செலவிட்டு வெள்ளத்தைத் தேக்கி வைக்கும் நிலைகளை அமைக்க வேண்டுமெனப் பொறியாளர் குழு கருதியது. மகலநோபிஸ் 1870 முதல் 1922 வரையிலான மழைக்கணக்கையும் வெள்ளக் கணக்கையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். தேக்கங்களால் பயன் விளையாது, பெய்த நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை எனக் காட்டினார். 1926இல் ஒரிஸாவின் பிராம்மணி ஆறு கரையுடைத்தபோது, ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, ஆகையால் கரைகளை உயர்த்த வேண்டும் என்று கூறினர். அவர் அறுபதாண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, படுகை உயரவில்லை, மிகுதியான மழையே காரணம் என்று நிறுவினார். கண்ணெதிரே நிகழ்ந்த ஒரு வெள்ளத்தைக் கண்டு, இனி எந்நாளும் இப்படித்தான் என முடிவு கட்டுவது மனித இயல்பு. ஒன்றைக் கண்டு பலவற்றை முடிவு செய்யும்முன், அந்த ஒன்று பலவற்றுக்கும் பிரதிநிதியாக நிற்கத் தக்கதா என்று பார்க்க வேண்டும் என்பதையே இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

1931ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிலையம் பிறந்தது. பிரசிடென்ஸி கல்லூரியில் பௌதிகப் பகுதியின் ஓர் அறையே அதற்கு முதற்புகலிடம். முதலாண்டில் அதன் செலவு 250 ரூபாயை எட்டவில்லை. 1933இல் சங்க்யா என்னும் சஞ்சிகை தொடங்கிற்று. 1936இல் அவர் வெளியிட்ட, இரு கூட்டங்களுக்கிடையே உள்ள வேற்றுமையை அளக்கும் முறை, மகலநோபிஸ் தொலைவு என்ற பெயரால் இன்று உலகெங்கும் வழங்குகிறது.

அவருடைய பெரும்பணி 1937இல் தொடங்கிய சணல் ஆராய்ச்சியாகும். வங்கத்தில் எத்தனை ஏக்கரில் சணல் பயிராகிறது என்று முன்கூட்டி அறிய வேண்டும். ஒவ்வொரு வயலாகச் சென்று எண்ணுவதற்குப் பல்லாயிரம் ஆட்களும் பெரும்பணமும் தேவை. எண்ணி முடிப்பதற்குள் அறுவடையும் முடிந்துவிடும். மகலநோபிஸ் கிராம வரைபடங்களில் சிறு சிறு கட்டங்களைக் குலுக்குச் சீட்டு எடுப்பது போன்ற முறையில் தேர்ந்து, அவற்றை மட்டும் ஆராய ஊழியரை அனுப்பினார். எந்தக் கட்டத்தைப் பார்ப்பது என்பதை ஊழியரின் விருப்பத்திற்கு விடவில்லை. முதலாண்டுகளில் சிறிய அளவில் வெள்ளோட்டம் பார்த்து, எவ்வளவு செலவிட்டால் எவ்வளவு துல்லியம் கிட்டும் எனக் கண்ட பின்னரே ஆராய்ச்சியை மாகாணம் முழுவதற்கும் விரித்தார். அன்றியும், ஒரே பகுதியில் ஒன்றையொன்று சாராத இரண்டு மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு குழுவினரிடம் ஒப்படைத்தார். இரண்டு விடைகளும் நெருங்கி நின்றால் நம்பலாம். விலகி நின்றால் எங்கோ பிழை புகுந்துள்ளது. அலுவலகத்தில் ரொக்கத்தை இருவர் தனித்தனியே எண்ணிச் சரிபார்ப்பதை ஒத்தது இது.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்வதற்கு வாசகர்கள் இசைவளிக்க வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கூட்ஸ் ஷெட்டில் எனக்குப் பணி. மழைக்காலத்தில் வந்த ஒரு வாகனில் 240 மூட்டை சரக்கு இருந்தது. நனைந்துள்ளதா எனப் பார்த்து எழுதும்படி மேலதிகாரி பணித்தார். கதவை ஒட்டியிருந்த ஆறு மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். ஆறும் உலர்ந்திருந்தன. எல்லாம் நலமே என எழுதிக் கையொப்பமிட்டேன். இறக்கும்போது பார்த்தால், வாகனின் கோடியில் கூரை ஒழுகி நாற்பது மூட்டைகள் நனைந்து கிடந்தன! சரக்குக்கு உரியவர் நஷ்டஈடு கோரினார். எனக்கு மெமோ வந்தது. ஆறு என்பது குறைந்த எண் என்று அன்று என்னையே நொந்துகொண்டேன். பல ஆண்டுகள் சென்று மகலநோபிஸ் வரலாற்றைப் படித்த பின்னரே என் பிழை எதுவெனத் தெளிந்தது. கதவருகே அறுபது மூட்டைகளைத் தொட்டிருந்தாலும் அதே பிழையையே செய்திருப்பேன். வாகனின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆறு மூட்டைகளைப் பொறுக்கியிருந்தால், ஒன்றேனும் ஈரமாகக் கைக்கு அகப்பட வாய்ப்பு இருந்திருக்கும். பானையை நன்கு கிளறிய பின் எடுத்த பருக்கைதான் பானைக்குப் பதமாகும். மேலே மிதப்பதை மட்டும் எடுத்தால் அடிப்பிடித்தது தெரியாது.

நிற்க. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றைப் புள்ளியியல் மேதை சி. ஆர். ராவ் தம் நூலில் எழுதியுள்ளார். டில்லியில் கலவரம் மூண்டு, அஞ்சிய மக்கள் பெருந்திரளாகச் செங்கோட்டையினுள் அடைக்கலம் புகுந்தனர். வேறு சிலர் ஹுமாயூன் கல்லறையில் தங்கினர். அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு அரசாங்கத்தைச் சேர்ந்தது. உணவை வழங்கியவர்கள் ஒப்பந்தக்காரர்கள். கோட்டைக்குள் எத்தனை பேர் உள்ளனர் என்பது அரசாங்கத்திற்குத் தெரியாது. உள்ளே சென்று எண்ணவும் இயலாது. ஆகவே ஒப்பந்தக்காரர் கேட்ட தொகையைக் கொடுத்தாக வேண்டிய நிலை. புள்ளியியலாரை நாடினர். அவர்கள் கைக்குக் கிடைத்தவை, அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு என்ற பில்கள் மட்டுமே.

ஓர் ஆள் ஒரு நாளைக்கு உண்ணும் அளவு முந்தைய உணவு ஆராய்ச்சிகளால் தெரிந்ததே. மொத்த அளவைத் தலைக்கு ஆகும் அளவால் வகுத்தால் மக்கள் தொகை கிடைக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் அரிசிக் கணக்கு ஒரு தொகையையும், உப்புக் கணக்கு அதனினும் மிகக் குறைந்த தொகையையும் காட்டின. எதனை நம்புவது? அரிசி விலையுயர்ந்த பண்டம். கூட்டி எழுதினால் ஆதாயம் உண்டு. உப்போ மலிவு, அதில் பொய் எழுதி எவரும் செல்வராக முடியாது. எனவே உப்பு சொன்ன தொகையே உண்மைக்கு அண்மையது என முடிவு செய்தனர். மகலநோபிஸின் நிலையத்தோடு நெடுங்காலத் தொடர்புடைய ஜே. எம். சென்குப்தா, உள்ளே செல்ல இயன்ற ஹுமாயூன் கல்லறை முகாமில் இதே முறையைச் சோதித்து, அது பொருந்தி வருவதைக் கண்டார். நம் வீட்டுப் பெண்மணிகள் இதனைப் படித்தால் வியப்படையமாட்டார்கள். மளிகைக்காரர் எந்தப் பண்டத்தில் கணக்கைக் கூட்டுவார், எதில் கூட்டமாட்டார் என்பது அவர்களுக்குப் பாடமன்றோ!

1949இல் மகலநோபிஸ் மத்திய மந்திரிசபைக்குக் கௌரவப் புள்ளியியல் ஆலோசகரானார். தேசிய வருமானக் குழுவின் தலைமையும் அவருக்கு வந்தது. 1950 அக்டோபரில் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கிற்று. நாட்டில் அன்று ஐந்தரை லட்சத்திற்கு மேற்பட்ட கிராமங்கள். முதற் சுற்றில் ஆராய்ந்தவை 1,833 மட்டுமே. அதாவது ஏறத்தாழ முந்நூற்றுக்கு ஒன்று. ஊழியர்கள் இத்தனை மொழிகள் வழங்கும் நாட்டில், ஊருக்கு ஊர் மாறும் முகத்தலளவைகளோடும் எடைகளோடும் மல்லாடி, ஒரு குடும்பம் எதனை உண்கிறது, எவ்வளவு செலவிடுகிறது என்று கேட்டறிந்தனர். அன்று விதைத்த அந்த ஆய்வு, இந்நாட்டு மக்களின் வாழ்க்கை நிலையை அறியும் கருவியாக இன்றளவும் தொடர்கின்றது. 1945இல் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினராக ஏற்கப்பட்டிருந்த அவர், 1947இல் ஐக்கிய நாடுகள் சபையின் மாதிரி ஆய்வுத் துணைக்குழுவுக்கும் தலைவரானார். நம் நாட்டு முறையை அயல்நாட்டார் பயில வந்தனர்.

பெரியோர் வரலாற்றைக் கூறும்போது நிறைகளை மட்டும் அடுக்குவது நம்மிடையே வழக்கம். எண்களுக்கு உண்மையாக வாழ்ந்த ஒருவரைப் பற்றி அவ்வாறு எழுதுவது அவருக்கே ஒவ்வாது. பிரதமர் நேருவின் விருப்பப்படி அவர் 1955இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு முன்வரைவு தீட்டினார். உருக்கு, இயந்திரம் முதலிய கனரகத் தொழில்களில் இன்று மிகுதியாக முதலிட்டால், பிற்காலத்தில் நாட்டின் வருமானம் விரைந்து வளரும் என்பது அவருடைய கணிப்பு. பேராசிரியர் பி. ஆர். ஷெனாய் அப்பொழுதே மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். 1956இல் திட்டம் தொடங்கிற்று. 1957இலேயே அந்நியச் செலாவணி நெருக்கடி தோன்றி, திட்டத்தைச் சுருக்க நேர்ந்தது. வேளாண்மைக்குப் போதிய இடம் தரவில்லை என்ற குறையும் பின்னாளில் எழுந்தது. பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் உருக்காலைகள் எழுந்ததும் அதே காலத்தில்தான். அத்திட்டம் நன்றா தீதா என்று பொருளாதார வல்லுநர் இன்றும் வாதிடுகின்றனர். அத்தீர்ப்பைச் சொல்ல யான் தகுதியுடையேன் அல்லேன்.

ஆயினும் ஒன்று தெளிவாகத் தோன்றுகின்றது. சணல் வயலைப் பார்த்து மாகாணத்தைச் சொல்வது ஒன்று. இன்றைய எண்களைப் பார்த்து நாளைய நாட்டைச் சொல்வது முற்றிலும் வேறொன்று. முன்னதில் பானை கண்முன் உள்ளது. கிளறலாம், இரண்டாம் பருக்கையை எடுத்துச் சரிபார்க்கலாம். பின்னதில் நாளைய பானை இன்னும் அடுப்பேறவில்லை. அதிலிருந்து பருக்கை எடுப்பார் எவரும் இலர். மகலநோபிஸ் போன்ற மேதைக்கே அவ்விடத்தில் கணக்கு வழுக்கிற்று என்றால், நம்மனோர் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

பாரநகரில் அவர் அமைத்த நிலையம் 1959இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த கல்விக்கூடமாக ஏற்கப்பட்டது. சென்னையில் பிறந்த கே. ஆர். பார்த்தசாரதி, எஸ். ஆர். எஸ். வரதன் ஆகியோர் அங்கே ஆராய்ச்சி மாணவராய் இருந்து உலகப்புகழ் எய்தினர். வரதன் 2007இல் கணிதத்திற்குரிய ஆபெல் பரிசு பெற்றார். ராமானுஜனுக்குக் கம்பளியை விலக்கிக் காட்டியவர் அமைத்த இல்லம், அவருக்குப் பின் வந்த தமிழ் இளைஞர்க்கும் நிழல் தந்தது.

1968இல் பத்மவிபூஷண் விருது பெற்ற மகலநோபிஸ், 1972ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் இயற்கை எய்தினார். மறுநாள் அவருக்கு எழுபத்தொன்பதாம் பிறந்த நாள். 2007ஆம் ஆண்டு முதல் ஜூன் 29 தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் யாது? நம் காலனியில் மாலை நேரங்களில் நிகழும் உரையாடல்களைச் சற்றே நினைவு கூர்வோம். இந்த ஊரார் எல்லாரும் இப்படித்தான் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! கேட்டால், வழக்கடித்த வீட்டுக்காரர் ஒருவர், மீதிச் சில்லறை தராத கடைக்காரர் ஒருவர், ஆக இருவரே நம் கணக்கில் இருப்பர். கதவருகே இருந்த இரு மூட்டைகளைத் தொட்டு வாகன் முழுவதற்கும் சான்றிதழ் எழுதுகிறோம். அவ்வாறே இவ்வூராரும் நம்முள் ஒருவரைக் கண்டு தமிழர் அனைவரையும் எடை போடக்கூடும். முதற் பிழையைத் தவிர்த்தல் நம் கையில் உள்ளது. இரண்டாவதைப் பிறர் செய்வரேல், அவர் கைக்கு அகப்படும் அந்தப் பருக்கை நாமாகவும் இருக்கலாம் என்னும் நினைவோடு, நன்றாக வெந்த பருக்கையாக விளங்குவோமாக.

பாரக்பூர் நெடுஞ்சாலை வழியாகப் பேருந்தில் செல்லும் அன்பர்கள், அந்நிலையத்தைக் கடக்கும்போது அதனைத் தம் குழந்தைகளுக்குச் சுட்டிக்காட்டுமாறு வேண்டிக்கொள்கின்றேன்.